விமான எஞ்சின் குத்தகை: அண்மைக்காலப் போக்குகள் சில

குத்தகை என்னும் சொல் எமக்குப் புதியதன்று. நெல்வயலையும் தோட்டத்தையும் குத்தகைக்கு விடுவதும் எடுப்பதும் எமது கிராமியப் பொருளாதாரத்தின் நெடுநாள் வழக்காகும். வயற் குத்தகையை ஒழுங்குபடுத்த 1958ஆம் ஆண்டில் நெற்காணிச் சட்டம் இயற்றப்பட்டபோது எழுந்த வாதப் பிரதிவாதங்கள் எமது அரசியல் வரலாற்றின் ஒரு பகுதி. உடைமையாளன் ஒருவன், உழைத்துப் பயன்கொள்பவன் வேறொருவன் என்னும் நிலையில், பயனின் எப்பங்கு எவரைச் சேரவேண்டும் என்பதே அவ்வாதங்களின் சாரம். இதே வினா இன்று, வயலிலிருந்து வெகுதொலைவில், தொழில்நுட்பத்தின் உச்சியில் நிற்கும் ஒரு பொருள் தொடர்பாகவும் எழுந்துள்ளது. அப்பொருள் பயணிகள் விமானத்தின் எஞ்சின் ஆகும்.

விமானம் குத்தகைக்கு விடப்படுவதைப் பலரும் அறிவர். உலகில் பறக்கும் வணிக விமானங்களுள் ஏறத்தாழ அரைவாசி குத்தகை விமானங்களே. ஆயின் விமானத்திலிருந்து பிரிக்கப்பட்ட எஞ்சின் தனியொரு சரக்காகக் கைமாறுவதும், அதற்கெனத் தனிச் சந்தை ஒன்று உருவாகி அண்மைக் காலத்தில் வியக்கத்தக்க வளர்ச்சி கண்டிருப்பதும் அத்துறை சாராதோர் கவனத்தை அதிகம் பெறவில்லை. அச்சந்தை எவ்வாறு தோன்றியது, அதன் இயக்கம் யாது, அதன் இன்றைய போக்குகள் எவருக்கு ஆதாயமும் எவருக்குச் சுமையும் ஆகின்றன என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. எஞ்சின் தனிச் சரக்கானமை

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய இருபத்தைந்து ஆண்டுகளில், பெரும்பாலான நாடுகளின் விமானச் சேவைகள் அரசுடைமையாகவோ அரசின் கடுமையான ஒழுங்குவிதிகளுக்கு உட்பட்டோ இயங்கின. அவை தமக்கு வேண்டிய விமானங்களையும் மேலதிக எஞ்சின்களையும் பெரும்பாலும் தாமே கொள்வனவு செய்தன. தமது பட்டறைகளிலேயே பழுதுபார்த்தன. பத்து எஞ்சின்கள் பறப்பில் இருக்குமாயின் ஒன்று கையிருப்பில் இருக்கவேண்டும் என்பது தோராயமான கணக்கு. அந்தப் பத்திலொரு எஞ்சின் பறக்காமல் கிடக்கும் மூலதனமாயினும், அதனைச் சேவையின் செலவாகவே கருதினர்.

இந்நிலையை மாற்றிய காரணிகள் பல. முதலாவது, எஞ்சினை ஆக்கும் செலவு. பிரித்தானியாவின் றோல்ஸ் றோய்ஸ் கம்பனி, ஆர்.பி.211 என்னும் எஞ்சினை உருவாக்கும் முயற்சியின் சுமை தாங்கமாட்டாது 1971 பெப்ரவரியில் முறிவடைந்தது. தனியார் முயற்சியின் மேன்மையைப் பேசி ஆட்சிக்கு வந்த கன்சர்வேற்றிவ் அரசாங்கமே அதனைத் தேசியமயமாக்கிக் காப்பாற்ற நேர்ந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. பின்னர் 1987இல் அது மீண்டும் தனியாரிடம் சென்றது. இத்தகைய சுமையைத் தனித்துத் தாங்க இயலாமையால் உற்பத்தியாளர் கூட்டுச் சேர்ந்தனர். ஐக்கிய அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்கும் பிரான்சின் ஸ்னெக்மாவும் 1974இல் இணைந்து சீ.எஃப்.எம். இன்ரர்நஷனல் என்னும் கூட்டு நிறுவனத்தை அமைத்தன. 1983இல் இன்ரர்நஷனல் ஏரோ எஞ்சின்ஸ் என்னும் மற்றொரு கூட்டமைப்புத் தோன்றியது. பெரும் பயணிகள் விமானங்களுக்கு எஞ்சின் வழங்கும் ஆற்றல் விரல்விட்டு எண்ணத்தக்க சில நிறுவனங்களிடம் குவிந்தது.

இரண்டாவது, 1978இல் ஐக்கிய அமெரிக்காவில் விமானச் சேவை மீதான ஒழுங்குவிதிகள் தளர்த்தப்பட்டமை. மூலதனம் குறைந்த புதிய சேவைகள் பல தோன்றின. அவற்றுக்கு வாங்கும் வலு இருக்கவில்லை, வாடகை செலுத்தும் வலு இருந்தது. இவ்விடைவெளியை நிரப்பியோர் குத்தகையாளர். 1973இல் கலிபோர்ணியாவில் ஐ.எல்.எவ்.சீ. என்னும் நிறுவனமும், 1975இல் அயர்லாந்தின் ஷானனில் கின்னஸ் பீற் ஏவியேஷன் என்னும் நிறுவனமும் நிறுவப்பட்டன. பின்னையது 1992இல் பங்குகளைப் பொதுச் சந்தையில் விற்க முயன்று தோல்வியுற்றதோடு, அதன் பெரும்பகுதி ஜெனரல் எலெக்ட்ரிக்கின் நிதிக் கிளையின் பிடிக்குள் வந்தது. ஐ.எல்.எவ்.சீ.யை 2014இலும், ஜெனரல் எலெக்ட்ரிக்கின் விமானக் குத்தகைப் பிரிவை 2021இலும் ஏர்காப் என்னும் ஒரே நிறுவனம் கையகப்படுத்தியது. அரை நூற்றாண்டு வரலாறு ஒற்றை ஐந்தொகைக்குள் அடங்கிவிட்டது.

எஞ்சினை மாத்திரம் குத்தகைக்கு விடும் நிறுவனங்கள் 1980களில் உருவாகின. அவற்றுள் உற்பத்தியாளரே நேரடியாக அமைத்தவையும் உண்டு. சீ.எஃப்.எம். எஞ்சின்களை வழங்குவதற்காக 1988இல் ஷானனில் நிறுவப்பட்ட ஷானன் எஞ்சின் சப்போர்ட் இதற்குத் தக்க சான்று.

2. தேய்வின் கணக்கு

எஞ்சின் குத்தகையின் தன்மையை விளங்கிக்கொள்வதற்கு எஞ்சின் எவ்வாறு முதுமையடைகின்றது என்பதை அறிதல் அவசியம். எரிப்பறையிலிருந்து வெளிப்படும் வாயுவின் வெப்பநிலை, அதனை எதிர்கொள்ளும் சுழலி அலகுகள் ஆக்கப்பட்ட உலோகத்தின் உருகுநிலையிலும் கூடியது. அலகின் உட்புறத்தே குளிர்காற்றைச் செலுத்தி, நுண்துளைகளின் வழியே வெளிவிட்டு, மேற்பரப்பில் காற்றுப் படலம் ஒன்றைப் போர்த்துவதாலேயே அது உருகாது நிற்கின்றது. தூசியும் உப்பும் மணலும் இத்துளைகளை அடைக்கும்போது அலகு விரைவில் சிதைகின்றது. ஆகையால் ஐரோப்பாவின் குளிர்வானில் பறக்கும் எஞ்சினும் வளைகுடா, தென்னாசிய வானில் பறக்கும் அதே எஞ்சினும் ஒரே ஆயுளைப் பெறுவதில்லை.

அலகுகளைத் தாங்கிச் சுழலும் தட்டுகளின் நிலை வேறு. அவை உடைந்தால் எஞ்சினின் கவசத்தையும் பிளந்து வெளியேறக்கூடும். எனவே, எத்தனை பறப்புச் சுற்றுகளுக்குப் பின் அவற்றைக் கட்டாயம் அகற்றவேண்டும் என்பது முன்கூட்டியே விதிக்கப்பட்டுள்ளது. ஒருமுறை மேலெழுந்து தரையிறங்குதல் ஒரு சுற்றாகும். வெளித்தோற்றத்தில் குறையேதும் இல்லாவிடினும், விதித்த சுற்றுகள் நிறைந்ததும் தட்டின் ஆயுள் முடிந்ததாகவே கொள்ளப்படும்.

இதனால் எஞ்சினின் பெறுமானம் எண்ணத்தக்க ஒன்றாகின்றது. எஞ்சியுள்ள சுற்றுகள் எத்தனை, அடுத்த பெரும் பழுதுபார்ப்புக்கு எவ்வளவு காலம் உண்டு என்பனவே அதன் விலையைத் தீர்மானிக்கின்றன. குத்தகை எடுப்பவர் மாதாந்த வாடகையுடன், பறந்த மணிக்கும் சுற்றுக்கும் ஏற்பப் பராமரிப்பு ஒதுக்குத் தொகையையும் செலுத்துவது வழக்கம். வயல் ஒரு போகம் விளைந்தபின் மறுபோகத்துக்கும் அங்கேயே இருக்கும். எஞ்சினோ ஒவ்வொரு பறப்பிலும் தன்னில் ஒரு துளியை இழக்கின்றது. எனவே அதன் குத்தகை, இடத்துக்குச் செலுத்தும் வாடகையும் தேய்வுக்குச் செலுத்தும் ஈடும் சேர்ந்த ஒன்றாகும்.

இவ்வியல்பிலிருந்து வேறொரு வழக்கமும் தோன்றியது. சில ஆயிரம் சுற்றுகளே எஞ்சிய பழைய எஞ்சினைப் பல மில்லியன் டொலர் செலவிட்டுப் பழுதுபார்ப்பதற்குப் பதிலாக, எஞ்சிய ஆயுளை மட்டும் குறுங்காலக் குத்தகைக்கு விட்டு, அது முடிந்ததும் எஞ்சினைப் பிரித்து உதிரிப்பாகங்களாக விற்றுவிடுவர். உயிருள்ளபோது வாடகை, இறந்தபின் உடற்பாக விற்பனை என இவ்வணிகத்தைச் சுருக்கமாகக் கூறலாம்.

உதிரிப்பாகத்தின் பெறுமானம் அதன் உலோகத்தில் மாத்திரம் தங்கியிருப்பதன்று. ஆக்கப்பட்ட நாள் முதலான அதன் வரலாற்றைக் கூறும் ஆவணத்திலும் தங்கியுள்ளது. ஆவணமற்ற பாகம் வெறும் உலோகத்துண்டே. 2023இல், இலண்டனிலிருந்து இயங்கிய சிறு வணிக நிறுவனமொன்று போலி ஆவணங்களுடன் விற்ற பாகங்கள் சீ.எஃப்.எம்.56 எஞ்சின்களுள் காணப்பட்டமையும், பல நாடுகளின் விமானச் சேவைகள் தம் எஞ்சின்களைச் சோதிக்க நேர்ந்தமையும் இதனைத் தெளிவுறுத்தின.

3. சட்டத்தின் பங்கு

ஒருவர் நிலத்தில் மற்றொருவர் நட்ட மரம் நிலத்துக்கே உரியதாகும் என்பது உரோமச் சட்டத்தின் பழைய கோட்பாடு. இதனை விமானத்துக்குப் பொருத்தினால் இடர் விளையும். ஒரு குத்தகையாளரின் எஞ்சின் வேறொருவரின் விமானத்தில் பூட்டப்பட்டிருக்கையில் விமானச் சேவை முறிவடையுமாயின், எஞ்சின் எவருக்குரியது? எஞ்சின்கள் ஓர் இறக்கையிலிருந்து மற்றோர் இறக்கைக்கு அடிக்கடி மாற்றப்படுபவை ஆகையால் இவ்வினா வெறும் ஏட்டுவினா அன்று.

2001 நவம்பரில் தென்னாபிரிக்காவின் கேப் டவுன் நகரில் கைச்சாத்திடப்பட்ட சமவாயமும் அதன் விமானப் பின்னேடும் இதற்கு விடை தந்தன. 2006இல் நடைமுறைக்கு வந்த அப்பின்னேட்டின்படி, எஞ்சினை விமானத்திற் பூட்டுவதாலோ கழற்றுவதாலோ அதன் மீதான உடைமை பாதிப்புறாது. எஞ்சின் மீதான உரிமைகளைத் தனியே பதிவுசெய்வதற்குச் சர்வதேசப் பதிவேடு ஒன்றும் டப்ளினில் இயங்குகின்றது. எஞ்சின் தனிச் சரக்காவதற்கு வேண்டிய சட்ட அடித்தளம் இவ்வாறு முழுமை பெற்றது. மூலதனம் எல்லை கடந்து செல்லும்போது, அதன் உடைமையைக் காக்கும் சட்டமும் எல்லை கடந்து செல்வது இயல்பே.

ஆயினும் சட்டம் எழுதப்பட்டவாறே எங்கும் செயற்படுவதில்லை. 2022இல் உக்ரேன் போரை அடுத்து மேலை நாடுகள் தடைகளை விதித்தபோது, வெளிநாட்டுக் குத்தகையாளருக்குரிய நானூறுக்கு மேற்பட்ட விமானங்கள் ரஷ்யாவில் சிக்கின. ஏர்காப் மட்டும் 113 விமானங்களையும் 11 எஞ்சின்களையும் இழந்ததாக அறிவித்தது. இந்தியாவில் கோ பெர்ஸ்ற் என்னும் சேவை 2023 மே மாதத்தில் முறிவுப் பாதுகாப்புக் கோரியபோது, விமானங்களை மீளப்பெறமுடியாது குத்தகையாளர் ஓராண்டளவில் வழக்காடினர். டில்லி உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரலில் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. கேப் டவுன் சமவாயத்துக்கு உள்நாட்டு வலுவளிக்கும் சட்டத்தை இந்தியா 2025இல் இயற்றியது. இந்நிகழ்ச்சிகளின் பயனாக, எந்நாட்டின் நீதிமன்றம் எஞ்சினை விரைவில் மீட்டுத் தரும் என்பதும் குத்தகை விலையை நிர்ணயிக்கும் ஒரு காரணியாயிற்று.

4. பற்றாக்குறைக் காலம்

2020இல் கொவிட் பெருந்தொற்று உலக விமானங்களுள் பெரும்பாலானவற்றைத் தரையிறக்கியபோது எஞ்சின் சந்தை சரிந்தது. சேவைகள் தம் பழுதுபார்ப்புகளை ஒத்திவைத்தன. நிற்கும் விமானத்தின் எஞ்சினைக் கழற்றிப் பறக்கும் விமானத்திற் பூட்டின. பட்டறைகளிலும் உற்பத்திச் சாலைகளிலும் பல்லாண்டுப் பயிற்சி பெற்ற தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வேலையிழந்தனர். பயணிகள் எதிர்பார்த்ததைவிட விரைவாகத் திரும்பியபோது, வீட்டுக்கு அனுப்பப்பட்ட திறன் அத்துணை விரைவாகத் திரும்பவில்லை. ஒரு சுழலி அலகின் வார்ப்பைத் தரமாக்க வேண்டிய கைத்திறன் சில வாரப் பயிற்சியில் உருவாவதன்று. செலவுக் குறைப்பு எனக் கணக்கேட்டில் எழுதப்பட்டது, பின்னர் உற்பத்தி ஆற்றலின் அழிவாக வெளிப்பட்டது.

இதனுடன் புதிய தலைமுறை எஞ்சின்களின் குறைபாடுகளும் சேர்ந்தன. எரிபொருளைக் கணிசமாக மிச்சப்படுத்தும் இவை, கூடிய வெப்பத்திலும் அமுக்கத்திலும் இயங்குவதால் எதிர்பார்த்த காலத்துக்கு முன்பே இறக்கையிலிருந்து கழற்றப்படவேண்டியனவாயின. இவற்றுள் பெரும் தாக்கத்தை விளைத்தது பிராட் அன்ட் விட்னியின் பல்லிணை விசிறி எஞ்சினாகும். 2016இல் ஏ.320 நியோ விமானத்தில் சேவைக்கு வந்த இவ்வெஞ்சினின் சில தட்டுகள், மாசு கலந்த உலோகத் தூளினால் ஆக்கப்பட்டிருந்தமை 2023 யூலையில் வெளியானது. 2015இன் இறுதி முதல் 2021 வரை ஆக்கப்பட்ட தட்டுகளில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றக்கூடும் என்பதால், மேலதிகமாக 600 முதல் 700 வரையான எஞ்சின்களைக் கழற்றவேண்டும் எனவும், ஒவ்வொன்றும் மீண்டும் இறக்கைக்கு வர 250 முதல் 300 நாள்கள் ஆகலாம் எனவும், 2024 முதல் 2026 வரை சராசரியாக 350 விமானங்கள் தரையில் நிற்கும் எனவும் தாய்க் கம்பனி 2023 செப்ரெம்பரில் அறிவித்தது. கோ பெர்ஸ்ற் தனது முறிவுக்கு இதே எஞ்சின்களின் வேறு கோளாறுகளையே காரணமாகக் கூறியிருந்தது; உற்பத்தியாளர் அதனை மறுத்தார்.

விளைவு குத்தகைச் சந்தையில் உடன் தெரிந்தது. நிரம்பல் சுருங்கக் கேள்வி பெருகிற்று. விமானம் முழுவதையும் பறக்கவிடுவதிலும், அதன் இரு எஞ்சின்களைக் கழற்றித் தனித்தனியே குத்தகைக்கு விடுவது கூடிய வருவாய் தரும் நிலை தோன்றியது. பத்தாண்டு நிறையாத விமானங்கள் சில, பறக்கும் தகுதி இருந்தும், எஞ்சின்களுக்காகப் பிரிக்கப்பட்டன. அதேவேளை, ஓய்வுபெறவேண்டிய பழைய சீ.எஃப்.எம்.56, வீ.2500 எஞ்சின்களின் பெறுமானம் உயர்ந்தது. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் 2025 ஒக்ரோபரில் வெளியிட்ட ஆய்வு, வழங்கற் சங்கிலியின் சீர்கேட்டால் அவ்வாண்டில் விமானச் சேவைகளுக்கு ஏற்படும் மேலதிகச் செலவை 11 பில்லியன் டொலருக்கு மேலாக மதிப்பிட்டது. அதில் 2.6 பில்லியன், அதாவது ஏறத்தாழ நாலிலொரு பங்கு, மேலதிக எஞ்சின் குத்தகைக்கு உரியது.

5. இவ்வருவாயின் இயல்பு

இவ்வுயர்ந்த வாடகையை எவ்வாறு விளங்கிக்கொள்வது? மார்க்ஸ், மூலதனத்தின் மூன்றாந் தொகுதியில் நிலவாடகையை ஆராய்கையில், மறுவுற்பத்தி செய்யவியலாத ஒன்றின் மீதான ஏகபோக உடைமையே அதன் அடிப்படை என்றார். எஞ்சின் நிலமன்று, அது மனித உழைப்பால் ஆக்கப்படுவது, வேண்டுமாயின் இன்னும் ஆக்கலாம். எனவே பற்றாக்குறை தற்காலிகமானதே என வாதிடலாம். ஆனால் அதனை ஆக்கும் நுட்பமும், வார்ப்புச் சாலைகளும், பறப்புத் தகுதிச் சான்றும் மிகச் சிலரிடமே உள்ளமையால், புதிய போட்டியாளர் எவரும் விலையுயர்வைக் கண்டு சந்தைக்குள் நுழைய இயலாது. இயற்கையின் வரம்பு நிலத்துக்குச் செய்வதை, நுட்ப ஏகபோகம் எஞ்சினுக்குச் செய்கின்றது எனலாம்.

மேலும், எஞ்சினைப் பெருங்கழிவு விலையில் விற்று, பின்வரும் பல ஆண்டுகளில் உதிரிப்பாகத்தாலும் பழுதுபார்ப்பாலும் இலாபம் ஈட்டுவதே இத்துறையின் வழக்கம். பிரிஸ்டல் சிட்லி நிறுவனம் 1962இல் மணிக்கணக்கில் கட்டணம் பெறும் பராமரிப்பு முறையைத் தொடக்கியபோது, எஞ்சின் பழுதின்றி இயங்குவதே உற்பத்தியாளருக்கும் ஆதாயமானது. ஆனால் ஆக்குபவர், பழுதுபார்ப்பவர், பாகம் விற்பவர், குத்தகைக்கு விடுபவர் ஆகிய அனைவரும் ஒரே வட்டத்துள் அடங்கும்போது நிலைமை சிக்கலாகின்றது. ஓரிடத்து எஞ்சின் விரைவில் பழுதுறுதல், மற்றோரிடத்து மாற்று எஞ்சினுக்கான வாடகையாக மாறுகின்றது. உற்பத்தியாளர் திட்டமிட்டு இதனைச் செய்கின்றனர் என்பது எமது வாதமன்று. இழப்பீடாக அவர்கள் பெருந்தொகை செலுத்தியுள்ளனர். குறைபாட்டிலிருந்தும் வருவாய் பெறக்கூடியவாறு அமைப்பு அமைந்துள்ளது என்பதே நாம் சுட்டுவது.

மறுபக்கத்தையும் கூறுதல் நேர்மையாகும். குத்தகை இல்லையேல் வறிய நாடுகளின் பல சேவைகள் தோன்றியே இருக்கமாட்டா. 1979இல் எயார் லங்கா தொடங்கியபோது சிங்கப்பூரிலிருந்து குத்தகைக்குப் பெற்ற இரு போயிங் 707 விமானங்களே அதன் முதற் சிறகுகள். 2020இலும் 2022இலும் குத்தகையாளரும் பெரும் இழப்பைத் தாங்கினர். எனவே குத்தகையாளரைப் பழைய நிலவுடைமையாளரின் மறுபதிப்பாக மட்டும் காண்பது எளிமைப்படுத்தலாகும்.

6. எமக்குரிய பாடம்

எஞ்சின் வாடகை டொலரில் செலுத்தப்படுவது. பயணச்சீட்டின் பெரும்பகுதி உள்நாட்டு நாணயத்தில் விற்கப்படுவது. நாணயம் சரியும்போது, சேவையில் மாற்றமேதும் இன்றியே செலவு பெருகுகின்றது. 2022இல் எமது நாடு செலாவணி நெருக்கடியில் வீழ்ந்ததை அடுத்து, 2023இல் தேசிய விமானச் சேவையின் ஏ.320 நியோ விமானங்கள் சில எஞ்சின் இன்றித் தரையில் நின்றமையை நாம் அறிவோம். தேசிய விமானச் சேவையின் நட்டம் பற்றிய விவாதம் எமது நாட்டில் நிருவாகச் சீர்கேடு, அரசியல் தலையீடு என்பவற்றோடு நின்றுவிடுகின்றது. அவை மெய்யே. ஆயினும், நிற்கும் விமானத்துக்கும் குத்தகை, அதனைப் பறக்கவைக்கும் எஞ்சினுக்கு வேறொரு குத்தகை என இருமுறை செலுத்தும் நிலையைத் தனியாருக்கு விற்பதால் மாத்திரம் நீக்கிவிட முடியாது. கோ பெர்ஸ்ற் தனியார் நிறுவனமே.

மாற்று வழி ஏதும் உண்டா? வரலாறு ஒன்றைக் காட்டுகின்றது. 1960களின் பிற்பகுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் ஐரோப்பிய விமானச் சேவைகள் கே.எஸ்.எஸ்.யூ., அற்லஸ் என்னும் இரு கூட்டமைப்புகளை அமைத்தன. கே.எல்.எம்., சுவிஸ்எயார், எஸ்.ஏ.எஸ்., யூ.ரீ.ஏ. என்பன முன்னையதிலும், எயார் பிரான்ஸ், லுப்தான்சா, அலிற்றாலியா, சபேனா முதலியன பின்னையதிலும் இணைந்தன. ஒரே வகை விமானங்களை ஒரே அமைப்பில் வாங்கி, ஒரு சேவை எஞ்சினையும் மற்றொன்று விமான உடலையும் பழுதுபார்ப்பதெனப் பணியைப் பங்கிட்டுக்கொண்டன. தனித்தனியே பத்திலொரு எஞ்சினைக் கையிருப்பில் வைக்கும் சிறு சேவைகள் ஐந்து, பொதுக் கையிருப்பொன்றை வைத்தால் அதனிலும் குறைந்த தொகை போதுமானது என்பது எளிய கணிதம். ஒரே வகை எஞ்சினைப் பயன்படுத்தும் தென்னாசியச் சேவைகளுக்கும் இது பொருந்தாமற்போக நியாயமில்லை. தடையாக நிற்பது தொழில்நுட்பமன்று, அரசுகளுக்கிடையிலான நம்பிக்கையின்மையே.

கூட்டுக் கையிருப்பு நுட்ப ஏகபோகத்தை ஒழித்துவிடாது. எனினும், பேரம் பேசும் மேசையில் ஐவர் ஒன்றாக அமர்வதற்கும் ஒருவர் தனித்து அமர்வதற்கும் வேறுபாடு உண்டு. வயற் குத்தகையில் எமது விவசாயிகள் கற்ற பாடமும் அதுவே. அப்பாடத்தை விமான நிலையத்துக்கும் எடுத்துச் செல்வது எவ்வாறு என்பதை எமது பொருளியல், பொறியியல், சட்டத்துறை மாணவர்கள் ஒருங்கிணைந்து ஆராய்தல் வேண்டும்.